பிஸ்கற் பேணியில் வந்த மண்

லாசால், மொன்றியால்
15 செப்டெம்பர் 2024

அன்புத் தங்கச்சி றெஜினாவுக்கு,

ஆண்டவர் காவலில் டென்மார்க்கில் நீயும் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன். எனக்குச் சீனி கொஞ்சம் கூட, பிரஷர் கொஞ்சம் கூட, காது மட்டும் குறைவு. சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தகரம் வெட்டுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பரிசு. போனில் நீ கதைத்தால் எனக்கு ஈ பறக்கிற சத்தம்தான் கேட்கிறது. அதனால் கையால் எழுதுகிறேன், நிஷான் படம் பிடித்து அனுப்புவான். என் மகனுக்குப் பிரெஞ்சு தலைகீழ்ப் பாடம், தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது. அவனைப் பற்றியே நாங்கள் குறை எழுதினாலும் பயமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தம்பி பற்றிக் செத்துப்போய் ஏழு மாதம். டொக்டர் விமானத்தில் ஏறக்கூடாது என்றார் என்று உனக்குச் சொன்னேனே, அது பொய். உனக்கும் தெரிந்திருக்கும். முப்பத்தெட்டு வருடம் பேசாத தம்பியின் பெட்டிக்கு முன்னால் என்ன முகத்தோடு போய் நிற்பது? 1986இல் அங்கே டென்மார்க்கில் அகதி விசாரணையில் அவனைத் தனியாக இருத்தி, "உன் அண்ணன் இங்கே வரமுன்னம் ஜெர்மனியில் இருந்தவனா?" என்று கேட்டார்கள். நான் இல்லையென்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவனும் இல்லை என்றிருந்தால் முடிந்தது. அவன் "ஓம்" என்றான். என்னை ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த ஓமுக்குப் பிறகு அவனோடு எனக்குக் கதையில்லை.

ஆனாலும் குழிக்கு மண் போடாமல் விட்டது உறுத்துகிறது. எங்கள் ஆட்களில் வெட்டுப்பழி உள்ளவன்கூட வந்து மூன்று கைப்பிடி போட்டுவிட்டுத்தான் போவான். நான் போடவில்லை. அவன் கிடக்கிற இடத்து மண்ணில் கொஞ்சம் அனுப்பு. முதலாம் ஆண்டுப் பூசை வைத்து, என் கையால் மூன்று பிடி இங்கே போடப் போகிறேன். சிரிக்காதே.

உன் சுகத்தையும் எழுது.
பெரியண்ணன்
அருமைநாதன்


யூட்லாந்து, டென்மார்க்
3 நவம்பர் 2024

அன்புள்ள பெரியண்ணைக்கு,

உங்கள் சீனியும் பிரஷரும் இறங்கட்டும், பிடிவாதமும் சேர்ந்து இறங்கட்டும் என்று மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் சுகம். எனக்கு முழங்கால்தான் மழையைக் கண்டால் முறைக்கிறது.

சிரிக்கவில்லை அண்ணை. உங்கள் கடிதத்தைப் பார்த்து அழுதேன். நேற்றுக் கல்லறைத் திருநாள். பற்றிக் அண்ணையிடம் போய் மெழுகுதிரி கொளுத்தி, உங்களுக்கென்று மண் அள்ளினேன். அவருடைய தலைமாட்டில் ஒரு பெரிய ஆஷ் மரம். இலையெல்லாம் கொட்டி, தரை மெத்தென்று கிடந்தது. அவருக்கு மேலே கிடந்த மண்ணாகவே இருக்கட்டும் என்று மேல் மண்ணைத்தான் வழித்தெடுத்தேன். நீல நிறத் தகரப் பிஸ்கற் பேணி ஒன்று நிறைய வந்தது. பார்சல் படிவத்தில் "பட்டர் பிஸ்கற்" என்று எழுதியிருக்கிறேன். மண் என்று எழுதினால் தபால்காரர் என்னை விசர் என்பார்கள்.

வேலை எப்போதும் போலத்தான். நாற்றுப்பண்ணையில் இருபத்திரண்டு வருடம் முடிந்துவிட்டது. இந்தக் காடுகளில் ஆஷ் மரங்களைப் பூஞ்சை ஒன்று வரிசையாகக் கொல்கிறது என்று முன்பே எழுதியிருக்கிறேன். அதைத் தாங்கி நிற்கிற ஒன்றிரண்டு மரங்களைத் தேடி, விதை எடுத்து, குழந்தைப்பிள்ளை மாதிரி வளர்க்கிறோம். வீட்டில் என் பிள்ளைகளும் பரவாயில்லை.

பேணி கிடைத்ததும் எழுதுங்கள்.
உங்கள் தங்கச்சி
றெஜினா


லாசால்
11 மே 2025

அன்புத் தங்கச்சிக்கு,

முழங்காலுக்கு என்ன வைத்தியம் செய்கிறாய்? நல்லெண்ணெய் பூசு, டொக்டர் சிரித்தால் சிரிக்கட்டும். நான் நடமாடுகிறேன்.

பேணி நவம்பரிலேயே வந்துவிட்டது. பதில் எழுதாதது என் சோம்பல். பெப்ரவரியில் ஆண்டுப் பூசை நல்லபடி நடந்தது. பற்றிக்கை அறிந்த ஏழு பேர் வந்தார்கள், அவர்களும் பங்கெடுத்தார்கள். ஆனால் இங்கே பெப்ரவரியில் நிலம் கருங்கல். பேணியைப் பல்கனியில் வைத்துப் பனி கரையும்வரை காவல் இருந்தேன்.

நேற்றுத்தான் போட்டேன். வீட்டு வாசலில் எனக்கும் ஒரு ஆஷ் மரம் இருக்கிறது. எங்கள் தெருவில் பதினொன்று நின்றன. பச்சை வண்டு தின்று இப்போது நாலு. இரண்டு வருடத்துக்கு ஒருதரம் நகரசபைக்காரர் வந்து அடிமரத்தில் ஊசி போட்டு அதைக் காப்பாற்றுகிறார்கள், என்னைப் போலவே ஊசியில் சீவிக்கிறது. அதன் அடியில் மூன்று பிடி போட்டேன். மண்ணோடு ஈர்க்குப் போல கறுத்த இலைக்காம்புகளும் வந்திருந்தன. அவையும் அவன் மேல் கிடந்தவைதானே என்று எறிய மனம் வரவில்லை, மேலே பரப்பிவிட்டேன். முப்பத்தெட்டு வருடத்தில் முதல்தரமாக, "என்னடா பற்றிக்" என்றேன். எதிர்வீட்டுக்காரி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கட்டும்.

பெரியண்ணன்
அருமைநாதன்


லாசால்
1 யூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நாற்று நடுகிற காலமென்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் சுகம்தானே?

இன்றைக்கு இங்கத்தைய வழக்கப்படி ஊர் முழுக்க வீடு மாறுகிற நாள். தெருவெங்கும் சோபாவும் மெத்தையும். அந்தச் சந்தடிக்குள் ஒரு அதிசயம் சொல்லத்தான் எழுதுகிறேன். பற்றிக்கின் மண்ணில் பூத்திருக்கிறது! காலையில் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். அந்தக் கறுத்த காம்புகளின் மேல் வெள்ளை வெள்ளையாகக் குட்டிக் குடைகள். உளுந்தை விடப் பெரிதில்லை. ஒரு காம்பில் பதினாலு எண்ணினேன். வேறெங்கும் இல்லை, அவனுடைய காம்புகளில் மட்டும். கோபம் தீர்ந்துவிட்டது என்று சொல்கிறானோ என்னவோ. நிஷான் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புகிறேன்.

உனக்குச் சந்தோசமாக இருக்குமென்று உடனே எழுதினேன்.
பெரியண்ணன்


யூட்லாந்து
2 யூலை 2025

அன்புள்ள பெரியண்ணைக்கு,

சுகம்தானே. படத்தைப் பார்த்தேன். அது சும்மா ஒரு பூஞ்சை அண்ணை. சும்மா சொல்லக்கூடாது, சீனி வருத்தக்காரருக்கு அது ஆகாது, நெஞ்சில் சளி கட்டும். அந்தக் காம்புகளையும் மண்ணையும் இன்றைக்கே வழித்து எரித்துவிடுங்கள். குப்பையில் போட வேண்டாம், பச்சைக் குப்பைத் தொட்டியில் போடவே வேண்டாம். எரியுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள். ஒருவருக்கும் காட்ட வேண்டாம். சும்மா ஏன் ஊருக்கு விளக்கம் சொல்வான்?

வேறு மண் பிறகு அனுப்புவேன்.
றெஜினா


லாசால்
5 யூலை 2025

தங்கச்சி,

நீ பொய் சொல்லும்போது ஒவ்வொரு வரியிலும் "சும்மா" வரும். சின்ன வயதில் இருந்தே அப்படித்தான். நெஞ்சில் சளியாம்! எனக்குக் காதுதான் அவிந்தது, மூளை அவியவில்லை.

தம்பியின் மண்ணை எரி என்கிறாய். மண்ணை எரிக்கச் சொல்லி எந்தச் சபையிலாவது கேட்டிருக்கிறாயா? பிணத்தை எரிப்பார்கள், மண்ணை எரிப்பார்களா? உயிரோடு இருக்கும்வரை நான் அவனைத் தள்ளி வைத்தேன். இப்போது வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், அதையும் தூக்கி நெருப்பில் போடு என்கிறாய். மாட்டேன்.

ஏதோ மறைக்கிறாய். சொன்னால் யோசிப்பேன்.
அருமைநாதன்


யூட்லாந்து
6 யூலை 2025

பெரியண்ணை,

சொல்கிறேன். வாசித்துவிட்டு என்னை ஏசுங்கள், ஆனால் வாசித்து முடித்தவுடன் எழும்பிப் போய் எரியுங்கள்.

இங்கே ஆஷ் மரத்தைக் கொல்கிறது என்று எழுதினேனே, அந்தப் பூஞ்சையின் வெளித்தோற்றம்தான் நீங்கள் எண்ணின பதினாலு குடைகள். விழுந்த இலைக்காம்பில் அது குளிர்காலம் முழுக்கப் படுத்துக் கிடக்கும். கோடையில் குடை விரித்து, கண்ணுக்குத் தெரியாத தூளைக் காற்றில் விடும். அந்தத் தூள் பச்சை இலையில் பட்டால் இலை கருகும், காம்பு வழியே கொப்புக்குள் இறங்கும், நாலைந்து வருடத்தில் உச்சி மொட்டையாகும். தொண்ணூறுகளில் போலந்தில் கண்டார்கள். கிழக்காசியாவிலிருந்து ஏதோ கன்றோடு வந்தது என்கிறார்கள். யாரோ ஒரு ஆள், ஒரு கன்று. இன்றைக்கு எங்கள் காட்டில் நூறு மரத்தில் இரண்டோ மூன்றோதான் தாங்குகின்றன. தீங்கில்லாத வேறொரு வெள்ளைப் பூஞ்சையும் இதே உருவத்தில் இருக்கிறது, ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் எதுவென்று தெரியும். ஆனால் ஆஷ் காம்பில், அதுவும் இந்த மண்ணோடு வந்த காம்பில் என்றால் நான் எதை நினைப்பேன்? இந்த நோய் உங்கள் கரைக்கு இன்னும் வரவில்லை அண்ணை. வந்திருந்தால், அதை அனுப்பினது நான்.

எப்படி மறந்தாய் என்று கேட்பீர்கள். இருபத்திரண்டு வருடமாகப் பண்ணை வாசலில் சப்பாத்தைக் கழுவாமல் நான் வீட்டுக்கு வந்ததில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறதே நான்தான். பற்றிக் அண்ணை ஒவ்வொரு நத்தாருக்கும், பாலன் பிறந்த அன்று, என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "பெரியண்ணை ஏதும் எழுதினவரோ?" இல்லை என்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவார். முப்பது நத்தாருக்கு மேல். நீங்கள் அவருடைய மண்ணைக் கேட்டதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. அது அண்ணையின் மண் என்று மட்டும்தான் அள்ளினேன். காட்டு மண் என்று நினைவே வரவில்லை.

இது வெளியே தெரிந்தால் என் வேலை போகும். வேலை மட்டுமில்லை. ஆஷ் மரத்தைக் காப்பாற்றுகிற பண்ணையில் இருந்தே ஒருத்தி, படிவத்தில் பிஸ்கற் என்று எழுதி நோயை அனுப்பினாள் என்றால் அந்தப் பண்ணையை யார் நம்புவார்கள்? உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். எரித்துவிடுங்கள், ஒருவருக்கும் சொல்லாதீர்கள்.

றெஜினா


லாசால்
12 யூலை 2025

அன்புத் தங்கச்சிக்கு,

பயப்படாதே, சாப்பிடு. எரித்துவிட்டேன். பின்வளவில் பார்பிக்யூ அடுப்பில் கரியோடு கரியாக. மரத்தடியில் ஒரு சாண் ஆழம் தோண்டி எடுத்தேன். உதிர்ந்து கிடந்த இலைகளையும் கூட்டிப் போட்டேன். எதிர்வீட்டுக்காரி, நன்றாகச் சாப்பிடு என்று பிரெஞ்சில் "பொன் அப்பத்தி!" எனக் கத்தினாளாம், நிஷான் சொன்னான். அழுதுகொண்டு இறைச்சி வாட்டுகிறவனை அவள் முதல்தரம் பார்த்திருப்பாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்டுப் பூசைக்கு வந்தவர்கள் பங்கெடுத்தார்கள் என்று எழுதினேன் அல்லவா? அவர்களும் குழிக்கு மண் போடக் கொடுத்து வைக்காதவர்கள். ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். நினைவு அட்டை அடிக்க அவனுடைய படம் ஒன்றுகூட என்னிடம் இருக்கவில்லை, அதற்குப் பதிலாக. ஏழு பொட்டலம். உன் கடிதம் கண்ட அன்றே ஓடத் தொடங்கினேன். கர்க்லாண்டில் கத்தரின் மாமி தோட்டத்து ரோசாவுக்குப் போட்டிருந்தா, தோண்டி எடுத்தேன். சென்ட் லோரன்டில் இரண்டு வீடு, ஒருவர் பூச்சாடியில், ஒருவர் அலுமாரியில் அப்படியே. இங்கே லாசாலில் மூன்று வீடு. "குடுத்த மண்ணைத் திருப்பிக் கேக்கிற ஆளை இப்பதான் காணுறன்" என்று கத்தரின் மாமி ஏசினா. மண்ணில் கிருமி என்று மட்டும் சொன்னேன், உன் பெயர் வரவில்லை. எல்லாம் அடுப்புக்குள் போயிற்று. காரியம் முடிந்தது.

முழங்காலைக் கவனி.
பெரியண்ணன்


யூட்லாந்து
14 யூலை 2025

அன்புள்ள பெரியண்ணைக்கு,

உங்கள் கடிதம் வாசித்து பால் விடாமல் ஒரு பிளேன்ரீ குடித்தேன். எட்டு நாளில் முதல்தரம் தொண்டைக்குள் ஏதோ இறங்கியது. நன்றி அண்ணை. உங்கள் கண் எப்படி, புகை பட்டிருக்குமே?

பிறகு திரும்ப வாசித்தேன். ஏழு பொட்டலம் என்கிறீர்கள். கர்க்லாண்ட் ஒன்று, சென்ட் லோரன்ட் இரண்டு, லாசால் மூன்று. ஆறு.

மற்றது எங்கே?
றெஜினா


யூட்லாந்து
4 ஓகஸ்ட் 2025

பெரியண்ணை,

மூன்று கிழமை. நிஷானுக்கு இரண்டுதரம் எழுதிக் கேட்டேன். "அப்பா சுகம், எழுதுவார்" என்று பிரெஞ்சில் ஒரு வரி போட்டான். சுகமாக இருந்துகொண்டு எழுதாமல் இருக்கிறீர்கள் என்றால் அதுவே பதில்தான்.

ஏழாவது யாரிடம்? இப்போதுதான் தூள் பறக்கிற உச்சக்காலம். மழை பெய்து வெயில் எறிக்கிற ஒவ்வொரு காலையும் பண்ணையில் நான் வானத்தைப் பார்க்கவில்லை, உங்கள் பக்கத்து வானிலையைத்தான் போனில் பார்க்கிறேன். திட்டமாட்டேன். எங்கே என்று மட்டும் சொல்லுங்கள். நீங்களே போய் எடுத்துவிடலாம், ஒருவருக்கும் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

றெஜினா


லாசால்
8 செப்டெம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கிற உரிமை இந்தக் கடிதத்தின் முடிவில் எனக்கு இருக்குமோ தெரியாது. அதனால் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சுகமா?

ஏழாவது பொட்டலம் இமெல்டாவிடம் கொடுத்தது. 86இல் எங்களோடு அகதி முகாமில் இருந்தவள், இப்போது எங்கள் பங்குப் பாடகர் குழுவில் பாடுகிறாள். யூலையில் கேட்டபோது, "மாதாவிட்டைக் குடுத்திட்டன் அண்ணை, பத்திரமா இருக்கு" என்றாள். நகரத்துக்கு மேற்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் காட்டுக்குள் ஒரு மாதா கெபி, சின்னக் கற்குகைக் கோவில், உண்டு, கோடையில் எங்கள் ஆட்கள் வான் பிடித்துப் போவார்கள். கெபியில் ஒரு மூலையில் பொட்டலமாக இருக்கும், போய் எடுத்தால் சரி என்று நினைத்தேன். உனக்கு எழுதினால் நீ நித்திரை கொள்ளமாட்டாய் என்று ஆறோடு நிறுத்தினேன்.

ஓகஸ்ட் ஒன்பதாம் திகதி அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். "எங்கே வைத்தாய்?" என்று கேட்டேன். அவள் கெபிக்குப் பின்னால் ஓடைக்கரைப் பாதையைக் காட்டினாள். மே மாதம் மாதாவின் மாதம் அல்லவா, செபமாலை சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறாள். ஒவ்வொரு அருள்நிறை மரியே செபத்துக்கும் ஒரு சிட்டிகை. ஐம்பத்து மூன்று சிட்டிகை, றெஜினா. ஒரு செபமாலை மணிக்கு இரண்டு மூன்று அடி என்று பாதை முழுக்க. "உத்தரிக்கிற ஆத்துமம் எல்லே அண்ணை, மோட்சத்துக்கு ஏற ஒவ்வொரு செபமும் வேணும், ஒரு இடத்திலை கொட்டினால் சரியே?" என்றாள். எனக்கு அவளை ஏச மனம் வரவில்லை. அவள் பற்றிக்குக்குச் செய்ததில் ஒரு பங்கு நான் செய்ததில்லை.

அந்த ஓடைக்கரையில் இரண்டு பக்கமும் ஆஷ் கன்றுகள். வண்டு இன்னும் தொடாத இளசுகள், என் உயரம். முழங்காலில் நின்று தேடினேன். நாலு இடத்தில் வெள்ளைக் குடை கண்டேன். மற்ற நாற்பத்தொன்பது இடம் எது என்று மாதாவுக்குத்தான் தெரியும். மூன்று கன்றுகளில் நுனி இலை வாடிக் கறுத்திருந்தது. வெயிலாலும் வாடும், எனக்கென்ன தெரியும். ஆனால் அடுப்பைக் கொண்டுபோய் ஒரு காட்டை எரிக்க முடியாது என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் மனிசனாக இருக்கவில்லை. உனக்கு எழுத உட்காருவேன், எழுதினால் நீ தடுப்பாய், தடுத்தால் கேட்டுவிடுவேன் என்று பயந்து எழும்புவேன். கடைசியில் தாவர நோய் பார்க்கிற அரச அலுவலகத்துக்குப் போனேன். நிஷானைக் கூட்டிப் போகவில்லை. ஒரு இளம் பிள்ளை, நல்ல பிள்ளை, என் காதைக் கண்டதும் கேள்விகளைத் தாளில் பெரிதாக எழுதி எழுதி நீட்டினாள். தொழிற்சாலைப் பிரெஞ்சில் நானும் எழுதிக் கொடுத்தேன். எங்கே, எப்போது, எத்தனை இடம். பிறகு எழுதினாள்: யார் அனுப்பியது?

பொய் தயாராக வைத்திருந்தேன். செத்துப்போன ஒரு சிநேகிதன், ஊர் தெரியாது என்று. பொய் எழுதிக் கொடுப்பது எனக்குப் புதிதா? அவள் அடுத்த வரியும் எழுதினாள். எந்த இடத்து மண், எந்த மரத்தடி என்று சரியாகத் தெரிந்தால்தான் எதைத் தேடுவது, எவ்வளவு தூரம் வெட்டுவது என்று தீர்மானிக்கலாமாம். பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. எதிரில் ஒருவர் உண்மையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருந்தால் எப்படி இருக்குமென்று முதல்தரம் தெரிந்தது. உன் பெயரை எழுதினேன். கல்லறை மரத்தடியையும், உன் தொழிலைக் கேட்டதற்குப் பண்ணையின் பெயரையும்.

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து பஸ் தரிப்பில் இருந்தேன். பற்றிக்குக்கு அப்போது இருபது வயது. பாஷை தெரியாது, பக்கத்தில் ஆளில்லை. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, றெஜினா. அவனிடம் கேட்டார்கள், அவன் பதில் சொன்னான். அறுபத்து மூன்று வயதில் எனக்கே பேனை பொய் எழுத மறுத்தது. அவனைத்தான் முப்பத்தெட்டு வருடம் தண்டித்தேன்.

ஓடைக்கரையில் நாடா கட்டி மறித்துவிட்டார்கள். கன்றுகளை வெட்டி இரட்டைப் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். என் வாசல் மரத்தையும் போன செவ்வாய் வெட்டினார்கள். முடிவு வர நாள் எடுக்கும், வரும் யூனில் திரும்பவும் வந்து பார்த்தால்தான் நிச்சயமாம். இமெல்டா அழுதபடி இருக்கிறாள். எனக்கு அபராதம் வருமாம், வரட்டும்.

இப்போது நீ என்னோடு கதைக்காமல் விடலாம். அதற்கு உனக்கு முழு நியாயம் உண்டு. விடு. ஆனால் என்னைப் போல முப்பத்தெட்டு வருடம் விடாதே. என்னிடம் அவ்வளவு வருடம் இல்லை.

அருமைநாதன்


யூட்லாந்து
2 நவம்பர் 2025

பெரியண்ணை,

உங்கள் கடிதம் வந்து ஐம்பத்தைந்து நாள். நாலுதரம் பதில் எழுதிக் கிழித்தேன். அந்த நாலையும் நீங்கள் வாசிக்காதது உங்கள் பிரஷருக்கு நல்லது.

செப்டெம்பர் பதினெட்டில் மேலாளர் கூப்பிட்டார். உங்கள் அலுவலகத்துக் கடிதம் மேசையில் கிடந்தது. "இது நீயா, றெஜினா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னோடு அவ்வளவு மெதுவாகக் கதைத்ததில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். ஓம் என்றேன். பண்ணைக் கதவின் திறப்பைக் கொடுத்துவிட்டு, வேலையை விட்டு வந்தேன். என் கன்றுகளுக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று தெரியாது. தாங்குகிற மரத்திலிருந்து நான் எடுத்த விதை இந்த வருடம்தான் இடுப்பளவு வந்தது.

என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். தடுத்திருப்பேன் என்கிறீர்கள். ஓம், தடுத்திருப்பேன். நீங்கள் செய்தது சரி. சரியென்று தெரிந்தும் எனக்கு உங்கள் மேல் கோபம் போகவில்லை. காலையில் எழும்பும்போதே வருகிறது. உங்கள் மேலா, என் மேலா, பேணி நிறைய அள்ளின என் கையின் மேலா என்று பிரிக்கவும் தெரியவில்லை.

இன்றைக்குக் கல்லறைக்குப் போனேன். பற்றிக் அண்ணையின் தலைமாட்டு மரத்தைக் கோவில்காரர் வெட்டிவிட்டார்கள், கொப்பு முறிந்து ஆட்கள் மேல் விழுமென்று. வெளிச்சமாக இருக்கிறது. "பெரியண்ணை எழுதினவர்" என்று அவரிடம் சொன்னேன். எனக்குத்தான் எழுதினீர்கள், ஆனாலும் சொன்னேன்.

கோபம் தீர்ந்த பிறகு எழுதுவோம் என்று இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருதரம் பார்த்தாயிற்று. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். ஏப்ரலில் இங்கே நிலம் இளகிவிடும். ரிக்கற் போடுங்கள், வந்து உங்கள் கையால் இங்கேயே மண் போடுங்கள். விமான நிலையத்துக்கு நான் வருவேன். உங்களோடு கதைப்பேனோ தெரியாது. ஆனால் வந்து நிற்பேன்.

மருந்தை நேரத்துக்குப் போடுங்கள்.

றெஜினா